மூன்று சைவக் கத்திகள்

லோகேஸ்வரி அக்கா முதன்முதலாக என் காரில் ஏறியபோது அவர் மடியில் மூன்று கத்திகள் இருந்தன. வெள்ளைத் துணியில் சுருட்டி, நூல் கயிற்றால் கட்டி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். முன்கண்ணாடியில் பார்த்துவிட்டு, "அக்கா, அது என்னா?" என்று கேட்டேன். "கத்தி" என்றார். விடிந்தும் விடியாத நேரத்தில் முன்பின் தெரியாத பயணியிடமிருந்து இப்படி ஒரு பதில் வந்தால் எந்தக் கார்க்காரனும் பயந்துதான் போவான். கிரீன் லேன் விளக்குக் கம்பம் வரைக்கும் என் ஒரு கண் கண்ணாடியிலேயே இருந்தது. அப்புறம் அவரே சிரித்துவிட்டார். "பயப்படாத லா தம்பி. பூசணிக்கா வெட்டுற கத்தி. ஒரு வீட்ல பிரேயர்ஸ், சமைக்கப் போறேன்" என்றார்.

என் பெயர் தயாளன். பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பாதி ஆயுளைத் தொலைத்தவன். அவர்கள் எங்கள் பிரிவை மூடிய பிறகு, கைப்பேசியில் கூப்பிட்டால் வரும் கார் ஓட்டுகிறேன். அக்காவும் ஒரு காலத்தில் அதே வட்டாரத்தில் ஆப்பரேட்டராக இருந்தவர்தான். கணவர் இறந்த பிறகு வேலையை விட்டுவிட்டு வீடு வீடாகச் சமைக்கப் போனார். பிள்ளை இல்லை. ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருந்தார். அந்த முதல் நாளுக்குப் பிறகு நேராக எனக்கே போன் செய்துவிடுவார். "தம்பி, நாளைக்கு ஆயர் ஈத்தாம். கத்தியோட வர்றேன்" என்பார்.

இந்தக் கத்தி விவகாரத்தை விளக்கியாக வேண்டும். நம் ஆட்கள் வீட்டில் பிரேயர்ஸ், அதாவது சாமி கும்பிட்டுப் படைப்பது, என்றால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். முதல் நாளே வீட்டைக் கழுவி மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். ஐஸ்பெட்டியில் இருக்கும் கோழியையும் இறாலையும் அள்ளிப் பக்கத்து வீட்டுச் சீன அம்மாவிடம் கொடுத்து வைப்பார்கள். அலமாரி உச்சியிலிருந்து சைவப் பானைகள் இறங்கும். எல்லாம் சுத்தபத்தமாக நடக்கும். கத்தி மட்டும் நேற்று நண்டு பிளந்த அதே கத்தியாக இருக்கும். அதைப் பற்றி யாரும் நினைப்பதே இல்லை. அக்கா நினைத்தார். ஒரு வீட்டில் படையலுக்குப் பழம் நறுக்கச் சொல்லிக் கொடுத்த கத்தியின் பிடியில் மீன் செதில் ஒட்டிக்கொண்டிருந்ததாம். அதை அப்படியே கீழே வைத்துவிட்டு, பஸ் பிடித்துப் போய்ப் புதுக் கத்திகள் வாங்கி வந்துதான் மறுபடி அடுப்பைப் பற்ற வைத்திருக்கிறார்.

பெரியது பூசணிக்கு, நடுத்தரமானது மற்ற காய்களுக்கு, சின்னது தோல் சீவுவதற்கு. இறைச்சியோ மீனோ முட்டையோ எதுவும் அவற்றில் பட்டதில்லை. அவற்றைத் தீட்டும் கல்கூடத் தனி. யாருக்கும் இரவல் கிடையாது. வேறு யாரும் தொட்டால் வாங்கிக் கழுவிவிட்டுத்தான் அடுத்த காயைத் தொடுவார். காரின் பின்பெட்டியில் வைக்கச் சொன்னால், "அங்க நீ என்னென்ன போட்டியோ" என்று மடியிலேயே வைத்துக்கொள்வார். ஒருமுறை சாலைச் சோதனையில் ஓர் அதிகாரி துணியைப் பிரிக்கச் சொன்னார். அக்கா பிரித்துக் காட்டிவிட்டு, கூடவே ஒரு உளுந்து வடையும் நீட்டினார். அவரும் சிரித்துக்கொண்டே போகச் சொன்னார்.

"அப்ப நீங்க சுத்த சைவமாக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நானா? சனிக்கெழம ஆனா கெம்போங் மீன் கொழம்பு இல்லாம எனக்குச் சோறு எறங்காது. அதுக்கு வீட்ல வேற கத்தி இருக்கு. நான் சைவம் இல்ல தம்பி, கத்திதான் சைவம்."

இதை அவர் யாரிடமும் மறைத்ததில்லை. கூப்பிட வந்த எல்லோரிடமும் இதையே சொன்னார். அவர் வைக்கும் ரசத்தில் மிளகு ஒரு கை அதிகம்தான், அதை நானே சொல்வேன். அவரைவிட நன்றாகச் சமைக்கிறவர்கள் பினாங்கில் இருக்கிறார்கள். ஆனாலும் பெரிய பெரிய வீடுகளிலிருந்து அவரைத் தேடி வந்தார்கள். "எங்க வீட்டு பிரேயர்ஸுக்கு லோகேஸ்வரி அக்கா கத்தி" என்று சொல்வது சில மாமியார்களுக்குப் புதுச் சங்கிலியைக் காட்டுவது மாதிரி. மனுஷி சொன்னால் சொன்னதுதான் என்று ஊர் நம்பியது. அந்த நம்பிக்கையில்தான் அவர் சாப்பிட்டார். வேறு வருமானம் கிடையாது.

இனிமேல் குகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனை அவர் இவர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. லிட்டில் இந்தியாவில் துணிக்கடை வைத்திருக்கிறான். வாய் நிறையப் பேச்சு, நெற்றி நிறைய விபூதி. அவன் தங்கை ரூபினியைக் கடல் தாண்டிக் கூச்சிங்கில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவளுக்கு ரொம்ப வருஷமாகப் பிள்ளை இல்லை. பார்க்காத டாக்டர் இல்லை. கடைசியில் கந்த சஷ்டி விரதம் இருந்து, பிள்ளை பிறந்தால் நூறு பேருக்குச் சைவச் சாப்பாடு போடுவதாக நேர்ந்துகொண்டாள். அதிலும் லோகேஸ்வரி அக்கா கத்தியால் நறுக்கிய சாப்பாடு. அவள் சின்ன வயசிலிருந்து அம்மா வீட்டு பிரேயர்ஸில் பார்த்து வளர்ந்த கத்தி அது. முருகன் கண் திறந்தார். பெண் குழந்தை பிறந்தது. குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குக் கூச்சிங்கில் மண்டபம் எடுத்தார்கள்.

குகன் அக்கா வீட்டுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டான். அக்காவுக்கு அதில் பெருமை. விமானம் ஏறி ஒரு வீட்டுக்குச் சமைக்கப் போவது அதுதான் முதல் தடவை. போகிற வழியெல்லாம் என் காரில் அதே பேச்சு. "அந்தப் புள்ள என் கத்திய நெனச்சு சாமிகிட்ட வேண்டிக்கிட்டிருக்கு தம்பி. எவ்ளோ பெரிய விசயம்" என்பார். கத்தியை விமானத்தில் எப்படிக் கொண்டுபோவது என்பதுதான் அவருக்கு ஒரே கவலை. கையோடு கொண்டுபோக விடமாட்டார்கள் என்று நானும் சொன்னேன். அதற்காகவே ஒரு சின்னப் பெட்டி வாங்கினார். உள்ளே கத்திச் சுருளைத் தவிர இரண்டு சேலைதான்.

பயண நாளன்று நான்தான் ஏற்றிப் போனேன். குகன் குடும்பம் முதல் நாளே போய்விட்டது. காரில் வரும்போதே அக்கா அவனுக்குப் போன் போட்டார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் சத்தமாக வைத்துத்தான் பேசுவார். குகன் குரல் கார் முழுக்கக் கேட்டது.

"பெட்டி போடுற லக்கேஜுக்குக் காசு கட்டி வாங்கியாச்சுக்கா. நீங்க ஒன்னும் யோசிக்காதீங்க. டிக்கெட்ட வாட்ஸாப்ல அனுப்பிட்டேன்ல? கவுண்டருக்கெல்லாம் போவ வேணாம், நேரா மேல போயிடுங்க."

"பெட்டிக்குள்ள கத்தி இருக்குப்பா."

"தெரியும்கா, எல்லாம் செட்டில். நேரா போங்க லா."

நான் காதால் கேட்டது இது. நானும் விமானம் ஏறினவன் இல்லை, அவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைத்தேன். யார் எங்கே வந்து கேட்டாலும் சொல்வேன்.

அக்கா நேரே மேலே போனார். நான் அடுத்த பயணிக்காக விமான நிலையத்துக்கு வெளியே காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. குரலே சரியில்லை. சோதனையில் பெட்டியை நிறுத்திவிட்டார்கள். அங்கிருந்த மலாய்ப் பெண் தன்மையாகத்தான், "ஆன்ட்டி, தா போலே", முடியாது, என்று கையை ஆட்டியிருக்கிறாள். பெட்டியைக் கீழே கவுண்டரில் போடச் சொல்லியிருக்கிறார்கள். கீழே ஓடினால், அவர் பெயரில் லக்கேஜே வாங்கவில்லையாம். இப்போது வாங்கலாமே என்றால் அந்த விமானத்துக்குப் பெட்டி எடுக்கிற நேரமும் முடிந்துவிட்டது. குகனுக்குப் போன் போட்டிருக்கிறார். "அப்படியா? எப்படி விட்டுப்போச்சுன்னு தெரியலயே" என்று சொல்லியிருக்கிறான். விட்டுப்போகவில்லை. அவன் வாங்கவே இல்லை. நாலு காசு மிச்சம் பிடிக்கிற புத்தி. துணிக்கடையில் அளக்கும்போது அரை அங்குலம் இழுத்துப் பிடிக்கிற கை அது, டிக்கெட்டிலும் இழுத்துப் பிடித்தது.

"நீங்க கெளம்பி வாங்கக்கா. இங்க புதுக் கத்தி வாங்கித் தர்றேன். புதுசுன்னா சுத்தம்தானே?" என்றானாம். அது சரிதான். புதுக் கத்தியில் குறை சொல்ல முடியாது. அக்காவும் அதை நினைத்துத்தான் மனசைத் தேற்றிக்கொண்டார்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே வந்து சுருளை என்னிடம் கொடுத்தார். கொடுத்துவிட்டும் துணியின் நுனியை விடவில்லை. "வீட்டுக்குக் கொண்டுபோய் சாமி ரூம்ல வச்சிடு தம்பி. அடுப்படிப் பக்கம் வைக்காத, உங்க வீட்ல மீன் பொழங்குவீங்க" என்றார். "சரிக்கா, ஓடுங்க, பிளேன் போயிடும்" என்றேன். ஓடினார். வயசான மனுஷி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுவதை நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போதே எரிச்சல் வந்தது.

கூச்சிங்கில் நடந்ததை அக்கா திரும்பி வந்த பிறகு, அதுவும் பல நாள் கழித்துத்தான் என்னிடம் சொன்னார். மண்டபத்துச் சமையலறைக்குக் குகன் மூன்று கத்திகளைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தான். "புதுசுக்கா. இப்பத்தான் கடையில வாங்கினேன்" என்றான். அக்கா மஞ்சள் தண்ணீரில் கழுவினார், விபூதி வைத்தார், வேலையை ஆரம்பித்தார். புதுக் கத்தி என்றால் அலகில் ஒட்டுத்தாள் பசை பிசுபிசுக்கும். இதில் பசையே இல்லை. முனை வேறு தேய்ந்து இறங்கியிருந்தது. "என் கைக்குத் தெரிஞ்சுச்சு தம்பி. நூறு பேருக்கு ஆக்கணுமேங்கிற அவசரத்துல நான் கையப் பேச விடல" என்றார் என்னிடம்.

பூசணிக்காய்ப் பொரியல், கத்தரிக்காய்க் கூட்டு, சாம்பார், அவியல், பாயசம். எல்லாம் ஆகி, இலை போட்டு, விருந்தாளிகள் உட்கார ஆரம்பித்தார்கள். அந்த நேரத்தில் மண்டபத்தோடு இருக்கும் சமையல்காரர், ஒரு சீனர், பின்வாசல் வழியாக வந்தார். நல்ல மனுஷன், சிரித்த முகம். சாயங்காலம் அதே மண்டபத்தில் ஒரு கல்யாண விருந்துக்கு அவர் சமைக்க வேண்டியிருந்தது. மேசையில் கிடந்த கத்திகளைக் காட்டி, "ஆன்ட்டி, முடிஞ்சுதா? இது என் கத்தி. நான் பன்றி வெட்ட வேணும்" என்று மலாயில் சொன்னார். பெரிய கத்தியைக் கையில் எடுத்துக் கட்டைவிரலால் கூர் பார்த்தார். தன் கத்தியைத் தெரிந்த மாதிரி பார்த்தார்.

அக்கா திரும்பிக் குகனைப் பார்த்தார். அவன் அங்கேதான் நின்றான். "கடை தூரம்கா. நேரம் வேற இல்ல. டிராயர்ல இருந்துச்சு, எடுத்தேன். நல்லா கழுவித்தானே குடுத்தேன்? விடுங்க. யாருக்குத் தெரியப் போவுது?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

அவன் சொன்னது சரி. யாருக்கும் தெரிந்திருக்காது. வாயை மூடிக்கொண்டு சோறு போட்டுவிட்டு வந்திருந்தால், இன்றைக்கும் லோகேஸ்வரி அக்கா என் காரில் கத்தியோடு ஏறிக்கொண்டிருப்பார். ஆனால் அந்தப் பெண் சாமியிடம் நேர்ந்துகொண்டது எதை என்று அக்காவுக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொண்டு சோறு பரிமாற அவரால் முடியவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, முருகன் படத்துக்கு முன்னால் குழந்தையோடு நின்ற ரூபினியிடம் போனார். தனியே கூப்பிட்டுச் சொன்னார். "என் கத்தி ஏர்போர்ட்ல நின்னு போச்சும்மா. இங்க நறுக்குனது மண்டபத்துக் கத்தி. பன்னி வெட்டுறது. எனக்கே இப்பத்தான் தெரியும்" என்றார். ஏன் நின்றது, யார் நிறுத்தியது என்று சொல்லவில்லை. நல்ல நாளில், சபை நடுவில், கூடப் பிறந்தவனைத் தங்கையிடம் காட்டிக்கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. அவனே சொல்லிக்கொள்வான் என்று நினைத்தார். அந்த ஒரு இடத்தில்தான் அக்கா கோட்டைவிட்டார்.

"ஒரு மணி நேரம் குடும்மா. சர்க்கரப் பொங்கல், பருப்பு, தயிர்ச்சோறு. கத்தியே படாம ஆக்கித் தர்றேன். ஒன் வேண்டுதல் கெடாது" என்று கெஞ்சியிருக்கிறார்.

ரூபினி மண்டபத்தைப் பார்த்தாள். கணவரின் அலுவலக மேலதிகாரிகள், மாமியார் வீட்டுச் சொந்தங்கள், அக்கம்பக்கம் எல்லோரும் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பரிமாறச் சொல்லுங்கக்கா. வெளிய மூச்சு விடாதீங்க" என்றாள். பரிமாறினார்கள். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். ரூபினியும் சாப்பிட்டாள். அக்கா மட்டும் பச்சைத் தண்ணீர் குடித்துவிட்டு விமானம் ஏறினார்.

வந்தவர் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. சொல்லாதே என்று அந்தப் பெண் கேட்டுக்கொண்டாள், அதனால் சொல்லவில்லை. என்னிடமிருந்து கத்திகளை வாங்கிக்கொண்டார். "என்னக்கா, எப்படிப் போச்சு?" என்று கேட்டதற்கு, "நல்லா போச்சு" என்றார்.

அடுத்த மாதம் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. விட்டு விட்டு வந்தது. குழந்தைகளுக்கு வருகிற காய்ச்சல்தான், மருந்து கொடுத்தால் இறங்கும், பிறகு ஏறும். ரூபினி பயந்துபோய் மாமியாரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். நேர்த்தி கெட்டுவிட்டது, பன்றிக் கத்தி பட்டுவிட்டது என்று வீடே அழுதது. எப்படி ஆனது என்று மாமியார் வீட்டில் குகனைக் கேட்டார்கள். அவன் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "அந்த அக்கா கத்திய எடுக்காம வந்துட்டாங்க. கிச்சன்ல கெடந்ததை எடுத்து நறுக்கிட்டாங்க. நான் என்னா செய்ய முடியும்?" என்றான்.

பினாங்கில் ஒரு செய்தி பரவ வேண்டுமானால் லிட்டில் இந்தியாவில் ஒரு கடையில் சொன்னால் போதும். அவனிடம் கடையே இருந்தது. வாட்ஸாப்பில் வேறு போனது. தீபாவளிக்கு முன்னால் இருந்த பிரேயர்ஸ் எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றது. யாரும் சண்டை போடவில்லை. "இந்த வருசம் சின்னதா செய்யறோம்கா", "கேட்டரிங் சொல்லிட்டோம்கா" என்று நாசூக்காகச் சொன்னார்கள். ஒருத்தி மட்டும் போனிலேயே கேட்டாள், "நீங்களே மீன் சாப்பிடுறவங்கதானேக்கா?" அதை ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தவர் அக்காதான். அவர்கள் சொன்ன கேட்டரிங்காரரை எனக்குத் தெரியும். ஆட்டுக்கும் அவரைக்காய்க்கும் அவரிடம் ஒரே கத்தி. அதை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அப்போதுதான் அக்கா நடந்ததை என்னிடம் சொன்னார். அன்றைக்கே அவன் கடைக்குப் போனேன். சேலை பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் முன்னாலேயே கேட்டேன். "லக்கேஜ் வாங்கிட்டேன்னு சொன்னது நீ. என் காதால கேட்டேன். கத்தி என் கையிலதான் இருந்துச்சு" என்றேன். அவன் பதறவில்லை. சேலையை மடித்துக்கொண்டே, "அண்ணே, நீங்க காடி ஓட்டுறீங்க, காடிய ஓட்டுங்க. எங்க குடும்பத்து விசயம்" என்றான். நான் அந்தப் பெண்களைப் பார்த்தேன். அதில் ஒரு வயசான அம்மா நிதானமாகச் சொன்னார், "யாரு விட்டா என்னாப்பா? நறுக்குனது அந்தம்மா கைதானே?" மற்றவர்கள் தலையாட்டினார்கள். அவர்கள் என்னை நம்பவில்லை என்று சொல்ல மாட்டேன். நம்பினார்கள். நம்பியும் அவர்களுக்கு அது ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல்.

அக்கா ஒரு தொழிற்சாலைச் சிற்றுண்டிச்சாலையில் காய் நறுக்கும் வேலைக்குப் போனார். அங்கே கோழியும் நறுக்க வேண்டும், கத்தி அவர்கள் கொடுப்பது. தன் கத்திகளைச் சாமி படத்துக்குக் கீழே சுருட்டி வைத்திருந்தார். ஆனாலும் அவ்வப்போது எடுத்துத் தீட்டுவார்.

ஒரு சனிக்கிழமை அக்காவைப் பாசாருக்குக் கூட்டிப்போய்விட்டு, பைகளைத் தூக்கிக்கொண்டு நானும் மேலே ஏறினேன். வாங்கிய மீனைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் திறந்தார். அப்போது கதவு தட்டப்பட்டது. குகன் நின்றான். பின்னால் ரூபினி, இடுப்பில் குழந்தை. குழந்தை மெலிந்திருந்தது. ஆனாலும் அக்காவைப் பார்த்ததும் சிரித்தது. அக்கா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்து, "வா கண்ணு, உள்ள வாங்க" என்றார். எனக்குத்தான் வாசலிலேயே அவன் சட்டையைப் பிடிக்கலாம் போல இருந்தது.

விஷயம் இதுதான். பிறை என்கிற ஊரில் சாமி பார்த்துக் குறி சொல்கிற ஒருவரிடம் போயிருக்கிறார்கள். நேர்த்தியை மறுபடி செய்ய வேண்டும், எந்தக் கத்தியைச் சொல்லி நேர்ந்தாயோ அந்தக் கத்தியே பட வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். வரும் வெள்ளிக்கிழமை பினாங்கிலேயே செய்யப் போகிறார்கள். மண்டபம் பேசியாகிவிட்டது.

அக்கா முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். "அதுக்கென்னா, வந்து செஞ்சு தர்றேன். காய் எவ்ளோ வாங்கணும்?" என்றார்.

குகன் குறுக்கே பேசினான். "இல்லக்கா. சமைக்கறதுக்குக் கேட்டரிங் சொல்லியாச்சு. கத்திய மட்டும் குடுங்க. வாடகை தர்றோம்."

அக்காவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் அவனைப் பார்க்கவில்லை, ரூபினியைப் பார்த்தார். "ஏம்மா, நான் வரக்கூடாதா?"

"அந்தச் சாமி, பன்னிக் கத்தி புடிச்ச கை வேணாம்னு சொல்லிட்டாருக்கா" என்றாள் ரூபினி, தரையைப் பார்த்துக்கொண்டு.

"அந்தக் கத்திய என் கையில யாரு குடுத்தா? ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்கா. விருந்து அன்னிக்கே அண்ணன் எல்லாத்தையும் சொல்லிட்டாரு."

குழந்தை கையை நீட்டி அக்காவின் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டது. அக்கா அதை விலக்கவில்லை. "தெரிஞ்சும் ஏம்மா ஊருக்குச் சொல்லல? நான் ஒன்கிட்ட வந்து உண்மையத்தானே சொன்னேன்?"

"அண்ணனுக்குக் கடை இருக்குக்கா. வயசுப் பொண்ணு இருக்கு, நாளைக்குக் கட்டிக்குடுக்கணும். பேரு கெட்டா குடும்பமே கெட்டுப்போவும்." ரூபினி அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே சொன்னாள். "ஒங்களுக்கு யாருக்கா இருக்கா?"

அவள் அதைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. நியாயம் என்று நினைத்துத்தான் சொன்னாள். அதனால்தான் அது அந்த அளவுக்கு வலித்தது.

அக்கா சேலை நுனியைக் குழந்தையின் கையிலிருந்து மெதுவாக விடுவித்துக்கொண்டார். சாமி படத்துக்குக் கீழேயிருந்து சுருளை எடுத்தார். குகன் கையை நீட்டினான். அக்கா அவனைத் தாண்டி அடுப்படிக்குப் போனார். துணியைப் பிரித்தார். தொட்டியிலிருந்து ஒரு மீனை எடுத்துப் பலகையில் வைத்து, பெரிய கத்தியால் தலையை வெட்டினார். நடுக் கத்தியால் வயிற்றைக் கீறிக் குடலை எடுத்தார். சின்னக் கத்தியால் செதிலைச் சுரண்டினார். அவசரமே இல்லை. மூன்று கத்தியிலும் மீன் ரத்தம் பட்டுவிட்டதா என்று பார்த்துக்கொண்டார். பிறகு மூன்றையும் துணியின் மேல் வைத்து, "எடுத்துக்கிட்டுப் போங்க. வாடகை வேணாம்" என்றார்.

ரூபினி போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன. "என் புள்ளயக் கொன்னுட்டியே, பாவி" என்று வயிற்றில் அடித்துக்கொண்டாள். குகன் வாய்க்கு வந்தபடி பேசினான். நான் அவனை வாசலுக்குத் தள்ளிக்கொண்டுபோய் வெளியே விட்டு, ரூபினியும் வெளியேறியதும் கதவைச் சாத்தினேன். படிக்கட்டு முழுக்க அவள் அழுகை கேட்டது, குழந்தையின் அழுகையும் சேர்ந்து கேட்டது. கார் புறப்படும் வரைக்கும் கேட்டது.

எனக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது. "சரியா செஞ்சீங்கக்கா. இவங்களுக்கெல்லாம் இப்படித்தான் குடுக்கணும்" என்று சொல்லிக்கொண்டே அடுப்படிக்குள் போனேன். அக்கா தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கத்திகள் அப்படியே கிடந்தன.

"தம்பி, அந்தப் புள்ளைக்கு ஒன்னும் ஆவாதுல்ல?" என்றார்.

"ஒன்னும் ஆவாதுக்கா. சாதாரணக் காய்ச்சல். மருந்து குடுத்தா சரியாப் போவும்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். குழாயை மூடினார். பிறகு என் முகத்தைப் பார்த்து, முதல் தடவை கேட்காத மாதிரி, அதையே மறுபடியும் கேட்டார்.